மூன்று அங்குலம் பின்னால்

ட்ரிங்... ட்ரிங்...

கண்டி, கொழும்பு வீதி. ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கமரா திருத்தும் கடை. தொலைபேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

எடுக்க வேண்டியவர் அதற்கு இரண்டடி தள்ளித்தான் இருந்தார்.

தரையில்.

விவேகானந்தன். வயது ஐம்பத்தெட்டு. மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. பின்மண்டையிலிருந்து கிளம்பிய இரத்தம் மேசைக் காலைச் சுற்றிப் போய், ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை நனைத்துவிட்டு நின்றிருந்தது. பக்கத்தில் கமரா முக்காலி ஒன்றின் கழன்ற இரும்புக் கால்.

மேசையில் ஐந்து தீப்பெட்டிகள்.

ஒன்றன் பின் ஒன்றாக, சாய்வாக, படிக்கட்டு மாதிரி... வேறு எதுவும் இல்லை.

கதவு திறந்தது.

"ஐயா, கலகெதரக் கடை பூட்டிக் கெடக்கு. வீணா அலஞ்சதுதான் மிச்சம். சோறு வாங்கியாந்தேன்..."

ராஜலிங்கத்தின் கையிலிருந்த சோற்றுப் பார்சல் நழுவியது.

அவன் அந்தக் கடையின் வேலையாள். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவன். மூன்று வருடமாக ஐயாவுக்குக் கை, கால் எல்லாம் அவன்தான். ஓடிப்போய்க் குனிந்தான். இரும்புக் காலை எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்தான். ஐயா எழும்பினால் கால் தடுக்குமே என்று.

ஐயா எழும்பவில்லை.

தொலைபேசியை எடுத்தான். மறுமுனையில் தங்கை யோகமலர்.

"அண்ணே, எத்தனை தடவ அடிக்கிறது? சாப்பிட வாறியா இல்லியா?"

"மலரு... ஐயா கீழ கெடக்காரு."

"விழுந்துட்டாரா?"

"இல்ல. யாரோ விழுத்திட்டாங்க."

அன்று சனிக்கிழமை. பிற்பகல் ஒன்று பத்து. இரண்டு மணிக்குள் ராஜலிங்கத்தின் கையில் விலங்கு விழுந்துவிட்டது.

* * *

அது 2008. சண்டை வடக்கில்தான் நடந்தது. ஆனால் கண்டியிலும் சந்திக்குச் சந்தி சோதனை. பையைத் திற, அடையாள அட்டையைக் காட்டு, எங்கே தங்குகிறாய், எதற்கு வந்தாய்... நம்பர் தகடு இல்லாத வான் ஒன்று மெதுவாகப் போனால், தெருவில் பேச்சு நின்றுவிடும். அது போன பிறகு யாராவது ஒருவர் குறைந்திருப்பார்.

ஞாயிறு காலை பத்து மணி. பொலிஸ் நிலையம்.

இன்ஸ்பெக்டர் றஸீன் எதிரே இருந்த பெண்ணைப் பார்த்தார். இருபத்துநான்கு வயதிருக்கும். கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டி ஒரு விரல் அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

"தங்கச்சி, நா செல்றதக் கேளுங்க. இரும்புல ஒங்கட அண்ணன்ட கைரேகை ஈக்கு. ஐடென்டி கார்ட்ல தோட்டத்து விலாசம். கண்டியில பொலிஸ் பதிவு இல்ல. நாளைக்குக் காலையில கொழும்பால ஆள் வாற. அவங்கட கைக்குப் போனா, பொறகு என்ட கையில ஒன்டுமில்ல."

யோகமலர் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"அவரு... செய்யல."

"அப்ப செஞ்சது யாரு?"

அவள் கைக்குட்டையை இன்னும் இறுக்கிச் சுருட்டினாள்.

"ஒரு மணித்தியாலமா இரிக்கிறீங்க. ரெண்டு சொல் பேசினீங்க. அண்ணன் என்னடான்டா நிப்பாட்டவே மாட்டேங்கிறான்."

றஸீன் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "வெள்ளி பின்னேரம் கொழும்புக்குப் போய் ஒரு கமரா பார்ட் வாங்கினானாம். சனி காலையில ஒம்பதரைக்கு பஸ்ஸால வந்து விவேகானந்தன்ட கைல குடுத்தானாம். பொறகு அவர் கலகெதரைக்கு அனுப்பினாராம். திரும்பி வரக்குள்ள ஆள் மவுத். சரியா?"

தலையாட்டினாள்.

"கொழும்புக் கடைக்கு கோல் எடுத்தன். பார்ட் வாங்கினது உண்ம. உள்ளுக்கு ஈக்கிற சின்னக் கண்ணாடியத் தாங்கிற ஒரு துண்டாம். இந்த மாடலுக்கு அந்த ஒன்டுதான் இருந்திச்சாம். அந்தப் பார்ட் இப்ப எங்க?"

"தெரியல."

"அது போட வேண்டிய கமரா எங்க? கடையில அந்த மாடல் ஒன்டுமே இல்ல. ஒங்கட முதலாளி நவரட்ணராஜா அதே கமராதான் வச்சீக்கார். கேட்டன். அவர் வியாழக்கிழமையே திருத்தாமத் திருப்பி வாங்கிட்டாராம். அப்ப மேலிடத்துல என்ன செல்லுவாங்க? யார்டயோ கமராவக் களவெடுக்கப் பாத்தான், ஐயா கண்டுட்டாரு, அடிச்சான். கேஸ் முடிஞ்சு."

அவர் ஒரு புகைப்படத்தை நகர்த்தினார். கொலை நடந்த மேசை.

"இத மட்டும் எனக்கு விளங்கல்ல. அவர் சிகரெட் குடிப்பாரா?"

"இல்ல."

"அப்ப அஞ்சு தீப்பெட்டி என்னத்துக்கு?"

யோகமலர் படத்தைப் பார்த்தாள். இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன்... எங்கே?

ஞாபகம் வருவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

* * *

மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டும்போது ஞாபகம் வந்தது.

நடுரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த முச்சக்கரவண்டி அலறியது.

எட்டு மாதத்துக்கு முன்பு, அவள் வேலை செய்யும் ஸ்டூடியோவின் புதுக் கமராவை அவள்தான் விவேகானந்தனிடம் கொண்டுபோனாள். அவர் ஐந்து தீப்பெட்டிகளைச் சாய்வாக அடுக்கினார்.

"இஞ்ச பார் பிள்ளை. நடுப்பெட்டியைக் குறிவைச்சு எடுக்கிறன். நடுப்பெட்டி தெளிவா விழுந்தா கமரா உண்மை சொல்லுது. இப்ப பார், நாலாவதுதான் தெளிவு. உங்கட கமரா பொய் சொல்லுது. மூண்டு அங்குலம் பின்னால போய்ப் பாக்குது. இதுக்குரிய துண்டு கிடைச்சாத்தான் திருத்தலாம்."

திருத்திய பிறகும் அப்படித்தான் அடுக்கிச் சோதிப்பார் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான்.

அப்படியானால் சாகும்போது அவர் ஒரு கமராவைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கமரா எங்கே?

இதை இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் யோகமலருக்குப் பொலிஸில் வாய் திறக்காது. தனக்காகப் பேச ஒரு பெரிய மனிதர் வேண்டும் என்று நினைத்தாள்.

நேரே ஸ்டூடியோவுக்கு நடந்தாள்.

வாழ்க்கையில் செய்த பெரிய பிழை!

* * *

நவா கலர் ஸ்டூடியோ. முதலாம் மாடி. ஞாயிறு என்பதால் வேறு யாரும் இல்லை. தெருப்பக்கம் ஒரு பெரிய ஜன்னல். அதற்கு நேர் எதிரே, வெளியூர்ப் பெடியன்கள் தங்கும் ஒரு லொட்ஜ்.

நவரட்ணராஜா அவளைக் கண்டதும் எழுந்து வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை. நெற்றியில் திருநீறு.

"வா பிள்ளை. சாப்பிட்டியே? அண்ணனைப் பாத்தியே?"

"பாக்க விடல சார்."

"விவேகண்ணை எனக்கு இருபது வருசப் பழக்கம். ஆர்தான் இப்பிடிச் செய்தாங்களோ... நீ யோசியாதை. நான் கதைக்கிறன்."

அவளுக்குக் கண் கலங்கியது. நல்ல மனிதர். ஆட்களைப் பறிகொடுத்த தாய்மார் வருவார்கள். பிள்ளையின் பழைய அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்து, 'காணவில்லை' நோட்டீஸுக்குப் பெரிதாக்கித் தரச் சொல்வார்கள். யோகமலர் கணினியில் அந்த முகத்தின் கீறல்களைத் துடைப்பாள். நவரட்ணராஜா அவர்களிடம் ஒரு சதம் வாங்க மாட்டார். இந்த வருடம் மட்டும் ஆறு முகங்கள்.

"சார், நம்ம கமரா எங்க இருக்கு?"

"ஏன்?"

"இன்ஸ்பெக்டர் கேட்டாரு."

"அலுமாரியில. வியாழக்கிழமையே வாங்கீட்டன். விவேகண்ணைக்குத் திருத்தத் தெரியேல்லை. இன்னும் கிண்டிக் கெடுத்துப் போட்டார்."

"வெள்ளிக்கிழமை அலுமாரியில பாக்கலையே சார்."

"வீட்டில வச்சிருந்தனான்."

அந்தக் கமராவால் அவர் பட்டபாடு ஊருக்கே தெரியும். தொழில் செய்கிறவனுக்கென்று செய்த கமரா. ஒரு கல்யாணத்துக்கு முழுசாக எடுத்துக் கொடுத்தபோது பெண்ணின் தாய் பட அல்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். "எங்கட மகள்ட முகத்தை விட பின்னால நிண்ட பெரியம்மாட தோடு நல்லா விழுந்திருக்கு" என்றாள். கண்ணைக் குறிவைத்தால் காது தெளியும். காதைக் குறிவைத்தால் சுவர். மெனுவில் இருந்த எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தார். லென்ஸை மாற்றினார். ஒருநாள் கமராவைத் தூக்கிக் குளத்தில் போடப் போகிறேன் என்று வாவிக்கரை வரைக்கும் போய், கச்சான் கடலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். பொத்தானை அரைவாசி அழுத்துவது. உடம்பை மூன்று அங்குலம் பின்னால் சாய்ப்பது. அப்புறம் மீதியை அழுத்துவது. குறி கண்ணில் வந்து விழும். ஆள் அசையாமல் இருந்தால் சரி; அசைந்தால் போச்சு. எட்டு மாதம் அப்படியே எடுத்து எடுத்து, இடுப்பில் நாரி நோவும் வந்துவிட்டது.

சோதனைப் படங்களுக்கு யோகமலர்தான் பொம்மை. கதிரையில் இருத்தி, கையில் ஒரு பிளாஸ்டிக் ரோசாப்பூவைக் கொடுத்து, முகத்துக்குக் கீழே, நாடிக்கு முன்னால் பிடிக்கச் சொல்வார். கணினியில் அப்படி நூற்றுக்கணக்கான படங்கள் கிடந்தன.

"சார், ஒன்னு சொல்லணும்." அவள் குரல் உள்ளே போனது. "ஐயாட மேசையில அஞ்சு தீப்பெட்டி அடுக்கியிருந்துச்சு. கமரா சோதிக்கிறப்பதான் அப்படி அடுக்குவாரு. அப்படின்னா யாரோ கமராவ எடுத்துட்டுப் போயிருக்காங்க. பொலிஸுக்கு அது விளங்கல. நீங்க வந்து சொன்னீங்கன்னா..."

நவரட்ணராஜா ஜன்னலடிக்குப் போனார்.

எதிர் லொட்ஜின் பல்கனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உந்தக் கதையை வேற ஆரிட்டையும் சொன்னனியே?"

"இல்ல சார்."

"நல்லது." திரும்பினார். முகத்தில் அதே கருணை. "சொல்லுவம். அதுக்கு முன்னம் கதிரையில இரு பிள்ளை. ஒரு படம் எடுப்பம்."

"இப்பவா சார்?"

"கமரா இன்னும் சரியில்லை எண்டு பொலிசுக்குக் காட்ட வேணும் எல்லே. பூவைப் பிடி."

அலுமாரியைத் திறந்து கமராவை எடுத்தார். அவள் ரோசாப்பூவை நாடிக்கு முன்னால் பிடித்தாள். அவர் அரைவாசி அழுத்தினார். உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்தது.

க்ளிக்.

"சிரிக்காதை. நேர பார்."

க்ளிக்.

கமராவின் மெமரி அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். "ஒரு பிறிண்ட் அடி."

யோகமலர் கணினியில் படத்தைத் திறந்தாள். பெரிதாக்கினாள்.

முகம் கலங்கியிருந்தது. கண், மூக்கு எல்லாம் நுவரெலியா மூடுபனிக்குள் போன மாதிரி. வழக்கம்போல...

இல்லை.

வழக்கம்போல இல்லை!

நாடிக்கு முன்னால் இருந்த ரோசாப்பூ அத்தனை தெளிவு. இதழில் பிளாஸ்டிக்கை ஒட்டிய கோடு கூடத் தெரிந்தது. அவள் சட்டென்று பழைய படங்களைத் திறந்தாள். முதல் மாதம். காது தெளிவு, பூ மங்கல். மூன்றாம் மாதம். கண் தெளிவு, பூ மங்கல். ஆறாம் மாதம். பூ மங்கல்.

எட்டு மாதத்தில் அந்தப் பூ ஒரு தடவையாவது தெளிந்ததில்லை. இந்தக் கமரா பின்னால்தான் பார்க்கும். முன்னால் பார்க்கவே பார்க்காது.

அப்படியானால் இன்றைக்கு...

கமரா சரியாகத்தான் பார்க்கிறது. சாய்கிறவர்தான் இன்னும் சாய்கிறார்.

கமரா திருந்திவிட்டது. திருத்துவதற்குரிய துண்டு கண்டிக்கு வந்தது சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு. இவர் வாங்கியதாகச் சொல்வது வியாழக்கிழமை...

"என்ன பிள்ளை அப்பிடிப் பாக்கிறாய்?"

குரல் அவள் காதுக்குப் பின்னால் கேட்டது. அவர் எப்போது வந்து நின்றார்?

திரையில் பழைய படமும் புதுப் படமும் பக்கத்தில் பக்கத்தில்.

"படம்..."

"ஓம். படத்துக்கு என்ன?"

"கமரா இன்னும் சரியில்ல சார். மொகம் பூரா மங்கல்."

அவர் திரைக்குக் குனிந்து பார்த்தார்.

பிறகு அவர் சிரித்தார். "அதைத்தான் நானும் சொல்லுறன். மனிசன் கெடுத்துப் போட்டார்."

கீழே தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இரண்டு தடவை ஹோர்ன் அடித்தது. நவரட்ணராஜா பதறிப்போனார்.

"கெதியா அடி, கெதியா. ஆள் வந்திட்டுது."

"இந்தப் படத்தையா சார்? மொகமே தெரியலையே."

"இது போதும். நேரமில்லை."

அச்சியந்திரம் அவளுடைய படத்தைத் துப்பியது. அவர் அதைக் கபில நிறக் கடித உறைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார். வாரத்துக்கு ஒரு தடவை அந்த மோட்டார் சைக்கிள் வரும். ஹெல்மெட்டைக் கழற்றாத ஒருவன் கடித உறையை வாங்கிக்கொண்டு போவான். பாஸ்போர்ட் படம் என்று அவர் சொல்வார். அவள் இதுவரை யோசித்ததில்லை.

இப்போதும் யோசிக்க நேரமில்லை. அவர் மேலே வருவதற்குள் அவளுக்கு ஒரு வசனம் வேண்டும்.

வந்தார்.

"சார்." தன் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "கமராவ இன்ஸ்பெக்டருக்கு நேர்ல காட்டிட்டா நல்லது சார். திருத்தாம வாங்கிட்டேன்னு நீங்க சொன்னத அவரு பாதிதான் நம்புறாரு. நீங்களே ரெண்டு படம் எடுத்துக் காட்டினா எழுதி மூடிடுவாரு. அப்பறம் உங்களத் தொந்தரவு பண்ண மாட்டாரு."

"அவர் அப்பிடிச் சொன்னவரே?"

"ஆமா சார்."

அவள் அன்று சொன்ன இரண்டாவது பொய்.

அவர் கமராவைப் பார்த்தார். மங்கலான படத்தைப் பார்த்தார். தன் பொய்க்குச் சாட்சி சொல்ல அந்தக் கமராவே தயாராக இருக்கும்போது, பயம் எதற்கு?

"வெளிக்கிடு, போவம்."

* * *

பிற்பகல் ஒன்றரை மணி. பொலிஸ் நிலையம்.

"இந்தா சேர், நீங்களே பாருங்கோ." நவரட்ணராஜா கமராவை உயர்த்தினார். "அப்பிடியே பேனாவைப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ."

இன்ஸ்பெக்டர் றஸீன் பேனாவை நாடியில் முட்டுக்கொடுத்து இருந்தார். நவரட்ணராஜா அரைவாசி அழுத்தி, பின்னால் சாய்ந்து, க்ளிக். க்ளிக். க்ளிக்.

கமராவின் பின்பக்கத் திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். மூன்றிலும் இன்ஸ்பெக்டரின் முகம் புகை.

"ஓட்டோஃபோகஸ் பிழை. எட்டு மாசமா இதே கரைச்சல். விவேகண்ணையால ஏலாது எண்டுதான் வியாழக்கிழமையே வாங்கினனான்."

"சரி. எனக்கு விளங்கின." றஸீன் பேனாவைத் திறந்தார். "எழுதிக்கிறன்."

"சார்..."

மூலையிலிருந்து ஒரு குரல். யோகமலர்.

"ஒரு படம்... நீங்க எடுங்க சார்."

"நானா? எனக்குக் கமரா பிடிக்கவே தெரியாதும்மா."

"அதனாலதான் சார்."

றஸீன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். கமராவை வாங்கினார். நவரட்ணராஜாவைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினார். படத்தைப் பெரிதாக்கினார்.

புருவம் உயர்ந்தது.

நவரட்ணராஜாவின் கண் இமை மயிர் ஒவ்வொன்றையும் எண்ணலாம் போலிருந்தது. மேலுதட்டில் பூத்திருந்த வியர்வைகூட...

"பண்டார, மெஹெ எண்ட!" வாசலில் நின்ற கான்ஸ்டபிளைச் சிங்களத்தில் கூப்பிட்டார். அவனும் எடுத்தான். தெளிவு. அவன் வாழ்க்கையில் தொட்ட முதல் கமரா அது.

"மாஸ்டர்," றஸீன் மெதுவாகச் சொன்னார், "எனக்குத் தெளிவா வருது. இவனுக்கும் தெளிவா வருது. முப்பது வருசமாப் படம் புடிக்கிற ஒங்களுக்கு மட்டும் ஏன் வரல்ல?"

"அது... சில நேரம் அப்பிடித்தான் சேர். கமரா மாறி மாறி..."

"மாறல்ல சார்." யோகமலர் எழுந்து நின்றிருந்தாள். கைக்குட்டை கீழே விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. "அந்த அஞ்சு தீப்பெட்டியத் தாங்க."

சான்றுப் பையிலிருந்து தீப்பெட்டிகள் வந்தன. மேசையில் அவற்றைச் சாய்வாக அடுக்கினாள். ஒரு கோப்புக் கட்டின் மேல் கமராவை வைத்தாள். யார் கையும் சாயாமல், நடுப்பெட்டியைக் குறிவைத்து அழுத்தினாள்.

நடுப்பெட்டி தெளிவாக விழுந்தது.

"விவேகானந்தன் ஐயா சாகிறப்ப இதத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. இந்தக் கமரா முன்ன மூணு அங்குலம் பின்னால பாக்கும். அதுக்காக சார் மூணு அங்குலம் பின்னால சாஞ்சு எடுத்துப் பழகிட்டாரு. இப்ப கமரா திருந்திருச்சு. சார் இன்னும் சாயிறாரு. அதனால குறி மூணு அங்குலம் முன்னால விழுது. உங்க படத்துல பேனாவப் பாருங்க."

றஸீன் பார்த்தார். முகம் புகை. பேனாவில் இருந்த கம்பனி எழுத்து பளிச்சென்று இருந்தது.

நவரட்ணராஜா நாக்கால் உதட்டை நனைத்தார். "அப்ப... விவேகண்ணை திருத்தித்தான் தந்திருக்கிறார் போல. வியாழக்கிழமை. எனக்குத் தெரியேல்லை."

"எதப் போட்டுத் திருத்தினாரு சார்?" யோகமலர் கேட்டாள். "துண்டு கொழும்பில இருந்து வந்ததே சனிக்கிழமதான். எங்க அண்ணன் கொண்டாந்தாரு. அது இப்ப இதுக்குள்ள இருக்கு. கழட்டிப் பாருங்க."

றஸீன் கமராவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நவரட்ணராஜா கதிரையில் விழுந்தார். கமராவைப் பார்த்தார். எட்டு மாதம் திட்டித் தீர்த்த கமரா. முதல் தடவையாக உண்மை சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தது.

"கார்ட்டைக் கழட்ட மறந்து போனன்..." குரல் உடைந்தது. "திருத்தக் குடுக்கேக்க கார்ட் உள்ளுக்க கிடந்திட்டுது. சனிக்கிழமை விவேகண்ணை போன் எடுத்தார். 'நவம், உந்தக் கார்ட்டில இருக்கிற பெடியள் மூண்டு பேரை நான் நோட்டீசில பாத்தனான், வந்து விளக்கம் சொல்லு' எண்டார். போனன். கமரா சரியோ பிழையோ எண்டு கேக்கக்கூட இல்லை. பொலிசுக்குப் போவன் எண்டார்..."

றஸீன் அவருடைய பையைக் கவிழ்த்தார். இன்னொரு அட்டை விழுந்தது. கணினியில் போட்டார்.

ஜன்னலிலிருந்து எடுத்த படங்கள். எதிர் லொட்ஜின் பல்கனி. உடுப்புக் காயப்போடும் ஒருவன். பல்துலக்கும் ஒருவன். போனில் சிரிக்கும் ஒருவன்...

யோகமலர் வாயைப் பொத்தினாள். அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். அவனுடைய நோட்டீஸுக்காக நெற்றியிலிருந்த கீறலை அவள்தான் துடைத்தாள். தாய் பக்கத்தில் நின்று, "கன்னத்து மச்சத்தை அழிச்சிராத மகள், அது அவனுக்கு அடையாளம்" என்று சொன்னாள்.

"யார்க்குக் குடுத்தீங்க?" றஸீனின் குரல் மாறியிருந்தது.

"தெரியாது. ஹெல்மெட் கழட்டினதில்லை." நவரட்ணராஜா முகத்தைப் பொத்திக்கொண்டார். "என்ர மகன்ர படத்தைக் கொண்டு வந்து மேசையில வச்சாங்கள். கம்பஸில படிக்கிறான் சேர். இதுக்குப் பதிலா வேற படம் தா எண்டாங்கள். ஒவ்வொரு கிழமையும் ஒரு படம். குடுத்தா அவன் வீட்டை வருவான். நீங்கள் எண்டா என்ன செய்திருப்பியள்?"

றஸீன் கான்ஸ்டபிளுக்குக் கண் காட்டினார்.

கான்ஸ்டபிள் போய் ராஜலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒரு கண் வீங்கியிருந்தது. தங்கையைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"மலரு. நீயா பேசின?"

அவள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

றஸீன் கமராவுக்குள் இருந்த அட்டையின் படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். திடீரென்று நிறுத்தினார்.

"தங்கச்சி... இது நீங்கதானே? இன்டைக்குப் பகல்."

நவரட்ணராஜா தலையை நிமிர்த்தவில்லை. "தீப்பெட்டிக் கதையைச் சொல்லிப் போட்டாள். எனக்கு வேற வழி தெரியேல்லை."

"இந்தப் படம் போயிட்டா?"

"பன்னெண்டரைக்கே போயிட்டுது."

ராஜலிங்கத்தின் கை யோகமலரின் கைக்குள் இறுகியது. வெளியே தெருவில் ஏதோ ஒரு வான் மெதுவாகப் போகும் சத்தம். எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். அது போய்விட்டது.

"நீங்க ஸ்டூடியோப் பக்கமே போகாதீங்க." றஸீன் எழுந்துவிட்டார். "இன்டைக்கே கண்டிய விடணும். நானே வண்டியில கொண்டு போய் விடறன். அவங்கட கைல ஒங்கட படம் ஈக்கு. விளங்குதா?"

யோகமலர் திரையைப் பார்த்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூடுபனி. அதற்கு மூன்று அங்குலம் முன்னால், பளிச்சென்று...

முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. நடுக்கத்தோடு வந்த சிரிப்பு.

"போயிர்றோம் சார். ஆனா அவங்க என்னையத் தேட மாட்டாங்க. பாவம், கண்டி பூரா ஒரு பிளாஸ்டிக் ரோசாப்பூவத் தேடிக்கிட்டு இருப்பாங்க."